கடலடியில் மூச்சடைப்பு: ஆற்றின் பங்கும் காற்றின் பங்கும்

2020 ஜூன் மாதம் அமெரிக்காவின் தேசியக் கடல், வளிமண்டல நிர்வாகமான நோவா ஒரு கணிப்பை வெளியிட்டது. மிசிசிப்பி ஆறு மெக்சிகோ வளைகுடாவில் கலக்கும் லூசியானா கரையை ஒட்டி, அந்தக் கோடையில் ஏறத்தாழ 17,000 சதுர கிலோமீட்டர் கடலடி ஆக்சிஜன் பற்றாமல் கிடக்கும் என்றது கணிப்பு. ஜூலைக் கடைசியில் ஆய்வுக் கப்பல் போய் அளந்தபோது கிடைத்த பரப்பு 5,480 சதுர கிலோமீட்டர். சொன்னதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கணிப்புக்கு அடிப்படையான, ஆற்றில் வந்த நைட்ரேட் உரச்சத்தை எவரும் தவறாகக் கணக்கிடவில்லை. அளவெடுப்பு தொடங்கும் நேரத்தில் ஹன்னா என்ற புயல் வளைகுடாவைக் கலக்கிவிட்டு டெக்சாஸ் கரையில் ஏறியிருந்தது, அவ்வளவுதான்.

கரைக்கடலில் ஆக்சிஜன் குறைவதற்கு ஆறு காரணமா, காற்று காரணமா என்ற கேள்வி அரை நூற்றாண்டாகக் கடலியலாளர்களை இரண்டு பக்கமாக நிறுத்தி வைத்திருக்கிறது. உரத்தையும் சாக்கடையையும் குற்றம் சொல்பவர்கள் ஒரு பக்கம். நீரின் அடுக்குகளையும் காற்றின் திசையையும் காட்டுபவர்கள் மறுபக்கம். இது வெறும் ஆய்வுக்கூடத் தகராறு அல்ல. காற்றுதான் காரணம் என்றால் உழவரிடம் உரத்தைக் குறைக்கச் சொல்ல எந்த முகாந்திரமும் இல்லை என்று வாதிடக் காத்திருப்பவர்கள் உண்டு.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடலாம். கடல்நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் ஒரு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அதை ஆக்சிஜன் பற்றாக்குறை என்று வகைப்படுத்துகிறார்கள். 30 டிகிரி வெப்பமுள்ள கடல்நீர், காற்றோடு நன்றாகக் கலந்திருந்தால், லிட்டருக்கு 6 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜனைத் தாங்கும். ஆக, மூன்றில் இரண்டு பங்கை இழந்த நீரைப் பற்றிப் பேசுகிறோம். நீந்தத் தெரிந்த மீனும் இறாலும் அந்த நீரிலிருந்து விலகிப் போய்விடும். புழுக்களும் சிப்பிகளும் அடியிலேயே கிடந்து சாகும். செய்தித்தாள்கள் இதை மரண மண்டலம் என்கின்றன. மேல்நீரில் மீன்கள் வழக்கம்போல் திரிவதால் அந்தப் பெயர் முழு உண்மையும் அல்ல.

இந்த நிலை உண்டாக இரண்டு நிபந்தனைகள் சேர வேண்டும். அடிநீரில் ஆக்சிஜனைத் தின்னும் அழுகல் பொருள் நிறைய இருக்க வேண்டும். தின்று தீர்ந்ததை மேலிருந்து ஈடுகட்ட வழி இருக்கக் கூடாது. ஆறு இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறது என்பதுதான் சிக்கலின் வேர். அது கொண்டுவரும் நைட்ரஜனும் பாஸ்பரசும் மிதவைப் பாசிகளை வளர்க்கின்றன. பாசிகளும் அவற்றைத் தின்னும் சிற்றுயிர்களின் கழிவும் அடியில் இறங்கி அழுகும்போது பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. அதே ஆற்றின் நன்னீர் உப்புநீரைவிட எடை குறைந்தது. ஆகவே அது கடலின்மேல் ஒரு மூடிபோலப் பரவுகிறது. கோடை வெயில் அந்த மேல்நீரைச் சூடாக்கி இன்னும் லேசாக்குகிறது. மூடிக்குக் கீழே உள்ள நீருக்கும் வானத்துக்கும் தொடர்பு அறுந்துபோகிறது.

ஆற்றில் வெள்ளம் வந்த ஆண்டில் உரமும் கூடுகிறது, மூடியும் தடிக்கிறது. வறண்ட ஆண்டில் இரண்டும் சேர்ந்தே குறைகின்றன. புள்ளிவிவரத்தை மட்டும் வைத்துக்கொண்டு எது எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்வது அதனால்தான் கடினம். வில்லியம் வைஸ்மன் முதலான ஆய்வாளர்கள் 1990களிலேயே லூசியானாவைப் பற்றி இதைச் சுட்டிக்காட்டினார்கள்.

லூசியானாவை இந்தக் கட்டுரையின் நடுவில் வைக்கக் காரணம், அதைப்போலத் தொடர்ந்து அளக்கப்பட்ட கரைக்கடல் உலகில் அதிகம் இல்லை என்பதுதான். கடலியலாளர் நான்சி ரபலே 1985இல் தொடங்கிய கோடைப் பயணம் ஓரிரு ஆண்டுகள் தவிர இன்றுவரை நடக்கிறது. லூசியானாப் பல்கலைக்கழகங்களின் கடலாய்வுக் கூட்டமைப்பு அதை நடத்துகிறது. மிசிசிப்பி முகத்துவாரத்திலிருந்து டெக்சாஸ் எல்லைவரை கரைக்குச் செங்குத்தாகக் கோடு கோடாகக் கப்பலை ஓட்டி, அடிநீரை அளக்கிறார்கள். அந்த நீண்ட பட்டியலின் இரு முனைகளைப் பாருங்கள். 1988இல் கிடைத்த பரப்பு ஏறத்தாழ 40 சதுர கிலோமீட்டர்தான். அமெரிக்காவின் நடுப்பகுதி கடும் வறட்சியில் கிடந்த ஆண்டு அது. 2017இல் 22,720 சதுர கிலோமீட்டர், இதுவரை அளந்ததிலேயே மிகப் பெரியது. நடுவே 1993இல் மேல் மிசிசிப்பியில் பெருவெள்ளம் புரண்டபோது, பரப்பு முந்தைய ஆண்டுகளின் சராசரியைப்போல் இரு மடங்கானது. ஆற்றின் கை இங்கே தெளிவாகவே தெரிகிறது.

அந்த ஆற்றின் வடிநிலம், அலாஸ்காவையும் ஹவாயையும் தவிர்த்த அமெரிக்காவின் 41 விழுக்காடு. 31 மாநிலங்களின் நீர் அதில் வந்து சேர்கிறது. அயோவா, இல்லினாய் மாநிலங்களின் மக்காச்சோள வயல்களுக்கு அடியில் வடிகால் குழாய்கள் புதைக்கப்பட்டிருக்கின்றன. வசந்தத்தில் உரமிட்ட நிலத்தில் மழை பெய்தால், பயிர் எடுத்துக்கொள்ளாத நைட்ரேட் அந்தக் குழாய்கள் வழியாக ஓடைக்கும் ஓடையிலிருந்து ஆற்றுக்கும் தடையின்றி வந்துவிடுகிறது. 1950களோடு ஒப்பிட்டால் ஆறு சுமக்கும் நைட்ரேட் ஏறத்தாழ மூன்று மடங்காகியிருக்கிறது. மே மாதம் ஆற்றில் எவ்வளவு நைட்ரேட் வந்தது என்பதை வைத்து ஜூலைப் பரப்பைச் சொல்லிவிடலாம் என்று ரபலேயும் யூஜின் டர்னரும் டொனால்ட் ஸ்கேவியாவும் காட்டினார்கள். ஆண்டுதோறும் ஜூனில் வரும் கணிப்புகள் இந்த உறவின்மேல் எழுந்தவை. இரண்டு மாத இடைவெளி பாசி வளர்ந்து, செத்து, இறங்கி, அழுகுவதற்கான காலம்.

ஆனால் ஆறு கடலில் விழுந்த இடத்திலேயே ஆக்சிஜன் தீர்ந்துவிடுவதில்லை. கில்பர்ட் ரோவும் பியர்ஸ் சாப்மனும் 2002இல் இந்தக் கடலைப் பழுப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வட்டாரங்களாகப் பிரித்துப் பார்த்தார்கள். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் நீர் பழுப்பாக இருக்கும். உரம் கொட்டிக் கிடந்தாலும் வண்டலால் வெளிச்சம் உள்ளே இறங்காது, பாசி வளராது. வண்டல் படிந்து நீர் தெளியும் இடத்தில்தான் பச்சை வட்டாரம் தொடங்குகிறது. பாசி பெருகுவது அங்கே. அதற்கும் அப்பால் உரம் தீர்ந்து நீர் நீலமாகிவிடும். ஆனாலும் நன்னீர் மூடி அங்கும் நீண்டிருப்பதால், அடிமண்ணில் ஏற்கெனவே கிடக்கும் அழுகலே ஆக்சிஜனைக் குடித்துவிடப் போதும். இந்த மூன்று வட்டாரங்களும் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பது ஆற்றின் கையில் இல்லை. அதைத் தீர்மானிப்பது காற்று.

காற்றின் வேலை கலக்குவது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். கலக்குவதும் பெரிய வேலைதான். காற்று நீரின்மேல் செலுத்தும் இழுவை அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். நீரைக் கலக்கும் ஆற்றல் இன்னும் வேகமாக, வேகத்தின் கனத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் இரட்டித்தால் கலக்கும் ஆற்றல் எட்டு மடங்கு. பத்து நாள் இளங்காற்றால் ஆகாத காரியத்தை ஒரு நாள் புயல் முடித்துவிடுவது இதனால்தான். 2011இல் மிசிசிப்பியில் வரலாறு காணாத வெள்ளம் வந்தது. பரப்பு பழைய உச்சங்களை எல்லாம் மிஞ்சும் என்று கணித்தார்கள். அளந்தபோது ஏறத்தாழ 17,500 சதுர கிலோமீட்டர்தான் இருந்தது. காற்றும் ஒரு வெப்பமண்டலப் புயலும் குறுக்கே வந்திருந்தன. கலங்கிய கடல் அடங்கியதும், மூடி மறுபடி விழுந்து, சில நாள்களிலோ ஓரிரு வாரங்களிலோ அடிநீர் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அழுகல் பொருள் அடியில் அப்படியேதான் கிடக்கிறது. ஆகவே புயலால் பரப்பு சுருங்கிய ஆண்டை நல்ல ஆண்டு என்று கணக்கில் எழுதுவது தவறு.

காற்றின் இரண்டாவது வேலை திசையால் நடப்பது. இதைப் புரிந்துகொள்ள ஒரு விதி போதும். பூமி சுழல்வதால், வட கோளத்தில் காற்று தள்ளும் மேல்நீர் மொத்தத்தில் காற்றுக்கு வலப்பக்கமாக நகர்கிறது. லூசியானாக் கரை கிழக்கு மேற்காக ஓடுகிறது, கடல் தெற்கே. ஆண்டின் பெரும்பகுதி அங்கே வீசுவது கிழக்குக் காற்று. அது மேல்நீரை வடக்கே கரையை நோக்கி நெருக்குகிறது, ஆற்றுநீர் கரையோடு ஒட்டி மேற்கே டெக்சாசுக்கு ஓடிவிடுகிறது. கோடையில் காற்று தெற்காகவும் தென்மேற்காகவும் திரும்பும். நம் மீனவர்கள் கச்சான் என்று சொல்லும், மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று மேலோங்கினால் எல்லாம் தலைகீழாகிறது. மேல்நீர் கரையைவிட்டுத் தெற்கே நகர்கிறது, மேற்கே போக வேண்டிய ஆற்றுநீர் லூசியானாவின் கண்டத்திட்டின்மேலேயே தேங்கிப் பரவுகிறது, அடியில் உப்புநீர் கரையை நோக்கி ஏறுகிறது. மூடி அகலமாகிறது. ஜான் காக்ரேனும் ஃபிராங்க் கெல்லியும் 1986இலேயே இந்தப் பருவ மாற்றத்தை வரைந்து காட்டிவிட்டார்கள். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் டிமார்கோ, ராபர்ட் ஹெட்லண்ட் குழுவினர் 2011, 2012ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில், மேல்காற்று எத்தனை நாள் நீடித்தது என்பதையும் நைட்ரேட்டோடு சேர்த்துக் கணக்கிட்டார்கள். நைட்ரேட் மட்டும் விளக்க முடியாத ஆண்டுகளுக்கு விளக்கம் கிடைத்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. மேல்காற்று வீசினால் பரப்பு கூடும் என்று சூத்திரம்போல் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2009இலும் 2018இலும் மேற்கிலிருந்து வந்த காற்று ஆக்சிஜன் குறைந்த நீரைக் கிழக்கே ஒதுக்கித் தள்ளியது. அளந்த பரப்பு சிறுத்தது. 2009இல் ஏறத்தாழ 8,000, 2018இல் ஏறத்தாழ 7,000 சதுர கிலோமீட்டர். ஆனால் 2009இல் அந்த நீர் வழக்கத்தைவிடத் தடித்து, அடியிலிருந்து வெகு உயரம்வரை எழுந்து நின்றது. பரப்பு குறைந்த அளவுக்குக் கனஅளவு குறையவில்லை. ஆண்டுதோறும் செய்தியாகும் ஒற்றை எண் பரப்பைத்தான் சொல்கிறது. கனஅளவையும் சேர்த்து வெளியிடும் வழக்கம் முதலிலேயே வந்திருந்தால் பாதிச் சண்டை மிச்சமாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

காற்றின் கட்சிக்கு மிக வலுவான சாட்சி வளைகுடாவில் இல்லை, அமெரிக்காவின் கிழக்குக் கரையில் செசபீக் விரிகுடாவில் இருக்கிறது. வடக்கு தெற்காக 300 கிலோமீட்டர் நீளம், சராசரி ஆழம் ஏழு மீட்டருக்கும் குறைவு, நடுவில் மட்டும் ஆழமான ஒரு பள்ளம். அதன் தலைமாட்டில் விழும் சஸ்குவஹானா ஆறு விரிகுடாவின் நன்னீரில் பாதியைத் தருகிறது. கோடை தோறும் நடுப்பள்ளத்தில் ஆக்சிஜன் தீரும். 1930களிலேயே இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பிற்காலத்தில் ஒரு புதிர் தலைதூக்கியது. 1980களுக்குப் பிறகு ஆற்றில் வரும் நைட்ரஜன் கூடாமல் இருந்தபோதும், அதே அளவு நைட்ரஜனுக்கு முன்னைவிட அதிக ஆக்சிஜன் இழப்பு நேர்ந்தது. கடலியலாளர் மால்கம் ஸ்கல்லி 2010இல் ஒரு விடை சொன்னார்: கோடைக் காற்று திசை மாறியிருக்கிறது. தெற்கிலிருந்து வீசிய காற்று குறைந்து மேற்கிலிருந்து வீசுவது கூடியிருக்கிறது. அட்லாண்டிக் பெருங்கடலின் மேல் நிற்கும் உயரழுத்த மையத்தின் வலிமை மாறியதே அதற்குக் காரணம் என்றார்.

விரிகுடா நீளவாக்கில் கிடப்பதால் தெற்குக் காற்று அதன் நெடுக ஓடுகிறது. மேல்நீர் குறுக்கே கிழக்குக் கரைக்குத் தள்ளப்பட, பள்ளத்தின் ஆக்சிஜனற்ற நீர் மறுபக்கத் திட்டுகளின்மேல் ஏறுகிறது. ஆழமற்ற அந்தத் திட்டுகளில் காற்று அதை எளிதில் கலக்கி, ஆக்சிஜன் ஏற்றிவிடுகிறது. மேற்குக் காற்றுக்கு அந்த வசதி இல்லை. 2013இல் ஸ்கல்லி இன்னும் துணிந்து ஒரு கணினிச் சோதனை செய்தார். உயிரினங்கள் ஆக்சிஜனைச் செலவிடும் வேகத்தை மாறாமல் நிறுத்தி வைத்துவிட்டு, இயற்பியலை மட்டும் ஓடவிட்டார். அப்போதும் விரிகுடாவின் கோடைக்கால ஏற்ற இறக்கம் பெருமளவு அப்படியே வந்தது. காற்றின் வேகமும் திசையும்தான் மிகப் பெரிய பங்கு வகித்தன, ஆற்றுநீரின் பருவ மாற்றத்துக்குப் பங்கு குறைவு என்று முடிவு கிடைத்தது.

இதைப் படித்தவுடன் உரத்துக்கு மன்னிப்பு வழங்கிவிடத் தோன்றும். அது தவறு. அந்தச் சோதனையில் உயிரினச் செலவு மாறாமல் இருந்ததே ஒழிய, பூஜ்யமாக இல்லை. காற்று அசைக்கும் கணக்கின் தொடக்கத் தொகையை யாரோ ஏற்கெனவே போட்டுவிட்டார்கள். ரெபெக்கா மர்ஃபியும் மைக்கேல் கெம்பும் வில்லியம் பாலும் 2011இல் அதே செசபீக்கின் பழைய அளவீடுகளைக் கோடையின் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஜூலைத் தொடக்கத்தில் இழப்பு கூடிவந்திருந்தது. அதற்கு நீரின் அடுக்கு வலுத்ததே காரணமாகத் தெரிந்தது. ஜூலைக் கடைசியில் இழப்பு மெல்லக் குறைந்து வந்திருந்தது. அது நைட்ரஜன் வரவைப் பின்தொடர்ந்தது. ஒரே மாதத்தின் இரு பாதிகளில் இரண்டு கட்சிகளும் சரியாக இருந்தன.

ஆறும் காற்றும் வேறு இடங்களில் வேறு வேடம் போடுகின்றன. அமெரிக்காவின் ஓரிகன் கரையில் 2002இல் நண்டுகள் செத்துக் கிடந்தபோது அந்தப் பழியை எந்த ஆற்றின்மேலும் சுமத்த முடியவில்லை. வடக்குக் காற்று ஆழ்கடலிலிருந்து ஆக்சிஜன் குறைந்த நீரை மேலே இழுத்துக் கரைத்திட்டில் போட்டிருந்தது. அலபாமாவின் மொபீல் விரிகுடாவில் கோடை விடியலில் சில நாள்களில் நாக்குமீன் போன்ற தட்டை மீன்களும் நண்டும் இறாலும் கரையோரத்தில் குவியும். ஊரார் விளக்கும் தொட்டியும் எடுத்துக்கொண்டு ஓடிப்போய் அள்ளுவார்கள். இளங்கிழக்குக் காற்று மேல்நீரைக் கிழக்குக் கரையிலிருந்து விலக்க, அடிநீர் ஏற்றத்தோடு சேர்ந்து கரையேறி மீன்களை முன்னே விரட்டிவருவதன் விளைவு அது. 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இதற்குப் பதிவு இருக்கிறது. அதாவது, செயற்கை உரம் பரவலாவதற்கு முன்பே.

நமக்கு அருகில் இந்தியாவின் மேற்குக் கரை இந்த நாடகத்தைத் தலைகீழாக நடத்துகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கேரளத்திலிருந்து கொங்கணம்வரை ஆழநீர் மேலெழுந்து கண்டத்திட்டின்மேல் படர்கிறது. அது வரும்போதே ஆக்சிஜன் குறைந்த நீர். மேற்குத் தொடர்ச்சி மலையின் குட்டையான ஆறுகளும் நேராகப் பெய்யும் மழையும் அதன்மேல் மெல்லிய நன்னீர் அடுக்கைப் போர்த்துகின்றன. லூசியானாவில் ஆறு குறைபாட்டை உண்டாக்கக் காற்று அதைக் கலைக்கிறது. இங்கே காற்று கொண்டுவருவதை ஆறும் மழையும் மூடிவைக்கின்றன. கொச்சிக்கு அப்பால் பருவமழைக் காலத்தில் அடிமீன்கள் கண்டத்திட்டைவிட்டு விலகிப்போவதைக் கார்ல் பான்சே 1959இலேயே எழுதினார். கோவாவில் உள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் எஸ்.டபிள்யூ.ஏ. நக்வி குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வு, இந்தப் பற்றாக்குறை தீவிரமாகி நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைப் பெருமளவில் வெளியிடுவதாகக் காட்டியது. அக்டோபரில் காற்று மாறி, கரையோர நீரோட்டம் திரும்பியதும் நீர் மறுபடி மூச்சு விடுகிறது. அங்கே இயற்கையே பெரும்பகுதியைச் செய்துவிடுகிறது. மனிதர் சேர்க்கும் உரம் அதைக் கூடுதலாக்குகிறது.

வங்கக் கடலின் வட பகுதியில் ஆற்றின் வலிமை வேறொரு உச்சம். கங்கை, பிரம்மபுத்திரா நீர் பருவமழைக்குப் பின் அங்கே அத்தனை உறுதியான அடுக்காகக் கிடக்கிறது. கடந்துபோகும் சூறாவளிகூடக் கீழேயுள்ள குளிர்ந்த நீரை மேலே கொண்டுவரத் திணறுகிறது என்று தேபசிஸ் சென்குப்தா குழுவினர் 2008இல் காட்டினார்கள். ஹன்னா போன்ற ஒரு புயல் லூசியானாவில் செய்ததை அங்கே செய்திருக்காது.

அப்படியானால் யார் பக்கம் தீர்ப்பு? எனக்குத் தெரிந்தவரை இந்தக் கேள்விக்கு மிகச் சுத்தமான விடை தந்தது கருங்கடலின் வடமேற்குத் திட்டு. டான்யூப் ஆறு கொட்டும் அந்த இடத்தில் 1970கள் தொடங்கி உரத்தாலும் கழிவாலும் கோடை தோறும் பரந்த கடலடி மூச்சடைத்தது. 1989க்குப் பிறகு கிழக்கு ஐரோப்பாவில் அரசுகள் விழுந்தன, மானிய உரம் நின்றது, கால்நடைப் பண்ணைகள் மூடப்பட்டன. டான்யூப் ஓடிக்கொண்டேதான் இருந்தது, காற்றும் வீசிக்கொண்டேதான் இருந்தது. 1990களின் நடுப்பகுதிக்குள் பற்றாக்குறை பெருமளவு பின்வாங்கியது. யாரும் திட்டமிட்டுச் செய்யாத இந்தச் சோதனை ஒன்றைக் காட்டிவிட்டது. ஆற்றில் வரும் நீரின் அளவும் காற்றின் திசையும் ஓர் ஆண்டின் கணக்கை ஏற்றும் இறக்கும். ஆனால் அந்தக் கணக்கு எந்த மட்டத்தில் ஏறி இறங்குகிறது என்பதை உரம் முடிவு செய்கிறது. மூன்றில் மனிதர் கை வைக்கக்கூடியது அது ஒன்றுதான்.

அந்தக் கையும் நினைத்தவுடன் பலன் தராது. வயல் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த நைட்ரஜன் மெதுவாகத்தான் கசிந்து வெளியேறும். கிம்பர்லி வான் மீட்டர், நந்திதா பாசு ஆகியோர் 2018இல் செய்த கணக்கின்படி, வேளாண்மையிலிருந்து வரும் நைட்ரஜன் மிச்சத்தை முழுவதும் நிறுத்தினாலும் மிசிசிப்பியில் நைட்ரஜன் குறைப்பு இலக்கை எட்டச் சில பத்தாண்டுகள் ஆகும். கடல் சூடாவதும் உதவப் போவதில்லை. வெதுவெதுப்பான நீர் ஆக்சிஜனைக் குறைவாகவே தாங்கும், அழுகலை விரைவாக்கும்.

காற்றைக் கணக்கில் சேர்த்தவர்கள் செய்த பெரிய உதவி, ஓர் ஆண்டு எண்ணை நம்பாதே என்று நிரூபித்ததுதான். 2023இல் செசபீக்கின் ஆக்சிஜன் இழப்பு 1985இலிருந்து கண்டதிலேயே குறைவாக இருந்தது. அதை வைத்து விரிகுடா மீண்டுவிட்டதாகக் கொண்டாட முடியாது. அந்த ஆண்டு ஆற்றில் நீர் வரத்தும் குறைவு. 2020இன் 5,480ஐ மிசிசிப்பிப் படுகை உழவர்களின் வெற்றியாக எவரும் காட்ட முடியாது. 2024இல் அதே இடத்தில் 17,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. அமெரிக்க அரசின் பணிக்குழு 2001இல் வைத்த இலக்கு, ஐந்தாண்டுச் சராசரியை 2015க்குள் 5,000 சதுர கிலோமீட்டருக்கு இறக்குவது. கெடுவைப் பிறகு 2035க்குத் தள்ளிவைத்தார்கள். ஹன்னா சுருக்கிய ஆண்டையும் சேர்த்தே, 2020 முதல் 2024 வரையிலான சராசரி 11,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல்.